இணையத்தில் வேலை: தேடுவோர் கடமையும் ஆட்சேர்ப்போர் கடமையும்

எமது கிராமங்களுக்கு வேலை பற்றிய செய்தி முன்னர் ஆட்கள் மூலமாகவே வந்து சேர்ந்தது. கொழும்பில் கடை வைத்திருக்கும் உறவினர், நகரத்து ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கும் ஊரவர், பாடசாலை அதிபர், குருவானவர் ஆகியோரில் ஒருவர், இன்ன இடத்தில் ஆள் தேவை என்று சொல்லுவார். சொன்னவருக்கு முதலாளியையும் தெரியும். வேலைக்குப் போகும் பிள்ளையையும் தெரியும். சம்பளம் கொடுபடாவிட்டால் அவருடைய வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு வந்தால் அவரும் பெற்றோரிடம் வந்து கேட்பார். இவ்வாறு அந்த இடையாள் இரு பக்கத்துக்கும் பிணையாக நின்றார்.

அந்த முறையிலும் குறை இருந்தது. தெரிந்தவர் இல்லாத குடும்பத்துக்கு வேலைச் செய்தியே வரவில்லை. சாதியும் ஊரும் உறவும் பார்த்தே பல கதவுகள் திறந்தன. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் எந்த ஊர் வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். இது ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்த உண்மையான நன்மையாகும். ஆனால் பிணை நின்ற அந்த மனிதர் இப்போது இல்லை. விளம்பரம் போட்டவர் விண்ணப்பிப்பவரைக் கண்டதில்லை. விண்ணப்பிப்பவரும் அவரைக் கண்டதில்லை. அந்த இடையாள் செய்து வந்த பணியை இனி யார் செய்வது என்பதே இப்பாடத்தின் கேள்வி. அதில் ஒரு பங்கை ஆட்சேர்ப்பவரும், ஒரு பங்கை வேலை தேடுபவரும், எஞ்சியதைக் கிராமத்துக் குழுக்களும் செய்ய வேண்டும் என்பதே இங்கு நாம் தரும் விடையாகும்.

சந்தைவெளியில் ஒரு முதலாளி

மத்தேயு நற்செய்தியின் 20 ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக்காரரின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இறைவனின் தாராள அன்பைப் பற்றியே அது முதன்மையாகப் பேசுகின்றது. எனினும் அக்காலத்தில் ஆட்சேர்ப்பு எவ்வாறு நடந்தது என்பதையும் அதிலிருந்து அறிந்துகொள்ளலாம். கூலி வேலை தேடுவோர் சந்தைவெளியில் வந்து நின்றார்கள். ஆள் தேவைப்பட்டவர் அங்கே போனார். இன்றைய வேலைவாய்ப்பு இணையத்தளமும் அத்தகைய ஒரு சந்தைவெளிதான்.

அந்தத் தோட்டக்காரர் செய்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவர் தாமே நேரில் வந்தார். முதலில் வந்தவர்களுடன் நாட்கூலியைப் பேசி முடிவு செய்த பின்னரே அவர்களை வேலைக்கு அனுப்பினார். மாலையில் காலந்தாழ்த்தாமல் கூலியைக் கொடுப்பித்தார். முறைப்பாடு எழுந்தபோது ஒளிந்துகொள்ளாமல் காரணத்தைச் சொன்னார். மாலை வரை வேலையின்றி நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கவுமில்லை. தம்மை ஒருவரும் அழைக்கவில்லை என்று அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டார். ஆள் யார் என்பது தெரிதல், கூலி முன்கூட்டியே தெரிதல், நேரத்துக்குக் கொடுத்தல், கேட்டால் பதில் சொல்லுதல் ஆகிய இந்நான்கும் இன்றைய இணைய விளம்பரத்துக்கும் பொருந்தும் அளவுகோல்களாகும். உபாகமம் 24 ஆம் அதிகாரமும் யாக்கோபு 5 ஆம் அதிகாரமும் ஏழைத் தொழிலாளியின் கூலியை நிறுத்தி வைப்பதை இறைவனுக்கு எதிரான பாவமாகவே காட்டுகின்றன.

இரண்டு விளம்பரங்கள்

கற்பதற்காக நாமே அமைத்த இரண்டு விளம்பரங்களை இங்கு தருகிறோம்.

முதலாவது: "உடனடி வேலைவாய்ப்பு! மாதம் 1,50,000 ரூபா வரை உழைக்கலாம். அனுபவம் தேவையில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம். பெண்கள் விரும்பத்தக்கது. இடங்கள் குறைவு. இன்றே வட்ஸ்அப்பில் அடையாள அட்டைப் படத்தை அனுப்புங்கள்."

இரண்டாவது: "வவுனியா நகரிலுள்ள எமது கட்டடப் பொருள் விற்பனை நிலையத்துக்குக் கணக்கு எழுதுநர் ஒருவர் தேவை. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம், தமிழ் சித்தி. கணினிப் பழக்கம் விரும்பத்தக்கது. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி உண்டு. காலை 8.30 முதல் மாலை 5.00 வரை. தங்குமிடம் இல்லை. விண்ணப்ப முடிவுத் திகதி, நிறுவனத்தின் பெயர், முகவரி, நிலையான தொலைபேசி இலக்கம் கீழே."

முதலாவதில் என்ன வேலை, யார் கொடுக்கிறார், எந்த ஊர் என்ற மூன்றுமே இல்லை. "வரை" என்ற ஒரு சொல் 1,50,000 ரூபாவை வெறும் ஆசையாக மாற்றிவிடுகிறது. ஒரு சதமும் கொடுக்காமலே அந்த விளம்பரதாரர் தாம் பொய் சொல்லவில்லை என்று வாதிடலாம். இரண்டாவதில் கவர்ச்சி இல்லை. ஆனால் ஒரு தந்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போய், அந்தக் கடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரலாம். போய்ப் பார்க்கக்கூடியதாக இருப்பதே நல்ல விளம்பரத்தின் முதல் அடையாளம்.

இரண்டாவது விளம்பரத்தின் சம்பளத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், அதாவது 3,200 ரூபா கழிக்கப்படும். தொழில்தருநர் தம் பங்காக 12 சதவீதம், அதாவது 4,800 ரூபா சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவரே மேலும் 3 சதவீதம், அதாவது 1,200 ரூபா செலுத்த வேண்டும். அதை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க முடியாது. எனவே கைக்கு வருவது 36,800 ரூபா. ஊழியரின் பெயரில் சேருவது மாதம் 9,200 ரூபா. நிதி எதுவுமில்லாமல் 40,000 ரூபாவையும் கையில் தருவதாக ஒருவர் சொன்னால், அவர் தருவது கூடுதலான சம்பளம் அல்ல. மாதம் 6,000 ரூபாவை அவர் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்.

ஆட்சேர்ப்போரின் பொறுப்புகள்

ஆட்சேர்ப்போர் என்றதும் பெரிய கம்பனிகள் மட்டுமே நினைவுக்கு வரக்கூடாது. கூட்டுறவுச் சங்கம், முன்பள்ளி, திருச்சபை இல்லம், தையல் நிலையம், அபிவிருத்தித் திட்டம் நடத்தும் நாமும் ஆட்சேர்ப்போரே. பின்வரும் கடமைகளை முதலில் எமது விளம்பரங்களில் உரசிப் பார்ப்பது நல்லது.

1. இல்லாத வேலைக்கு விளம்பரம் செய்யக்கூடாது. யாரை எடுப்பது என்று முன்னரே தீர்மானித்துவிட்டு, ஒழுங்குக்காக விளம்பரம் போடுவதும் இதில் அடங்கும். அதை நம்பி ஒருவர் கடன் வாங்கிப் பஸ் ஏறி நேர்முகப் பரீட்சைக்கு வருகிறார் என்பதை மறக்கக்கூடாது. இடம் நிரம்பியதும் விளம்பரத்தை அகற்றிவிட வேண்டும்.

2. சம்பளத்தை எழுத வேண்டும். "பேசித் தீர்மானிக்கலாம்" என்பது பேசத் தெரிந்தவருக்கே உதவும். முதல் வேலை தேடும் கிராமத்துப் பிள்ளைக்குப் பேரம் பேசத் தெரியாது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைந்த தொகையை "பயிற்சிக் கொடுப்பனவு" என்று பெயர் மாற்றி எழுதுவது நேர்மையன்று.

3. வேலைக்குத் தேவையான தகைமையை மட்டுமே கேட்க வேண்டும். "25 வயதுக்குட்பட்ட, தோற்றப் பொலிவுள்ள பெண்கள்" என்று கேட்கும் விளம்பரம் கணக்கு எழுதும் திறமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தொழிலில் பாரபட்சம் காட்டுவதற்கு எதிரான 111 ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1998 இல் ஏற்றுக்கொண்டது. வலது குறைந்த ஒருவரை அந்தக் குறையைக் காரணங்காட்டி ஆட்சேர்ப்பில் ஒதுக்கக்கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. போரில் காலையோ கையையோ இழந்தோர் வாழும் எமது பிரதேசங்களில் இச்சட்டம் பரவலாக அறியப்பட வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவது 2021 ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின்னர் குற்றமாகும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

4. தேவையானதற்கு மேல் விபரம் கேட்கக்கூடாது. விண்ணப்பிக்கும் கட்டத்தில் பெயர், தகைமை, அனுபவம், தொடர்பு இலக்கம் ஆகியன போதும். அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு இலக்கம், பெற்றோரின் விபரம் என்பன ஆளைத் தெரிவு செய்த பின்னரே தேவைப்படுவன. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது என்பன 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை நெறிகளாகும். நூறு பேர் அனுப்பிய விண்ணப்பங்களை அலுவலகத்தில் கட்டி வைப்பதும், கடையில் பொருள் சுற்றக் கொடுப்பதும் இந்நெறிக்கு முரணானவை.

5. பதில் சொல்ல வேண்டும். தெரிவு செய்யப்படாதவருக்கு இரண்டு வரிச் செய்தி அனுப்பப் பெருஞ் செலவு இல்லை. அந்தச் செய்தி வராததால் வேறு வேலைக்குப் போகாமல் மாதக்கணக்கில் காத்திருப்போர் உள்ளனர்.

6. சொன்னதை எழுத்தில் தர வேண்டும். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதவி, சம்பளம், வேலை நிபந்தனை முதலியவற்றைக் குறிப்பிட்டு நியமனக் கடிதம் வழங்கப்பட வேண்டும். விளம்பரத்தில் எழுதிய சம்பளமும் நியமனக் கடிதத்தில் எழுதிய சம்பளமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேலை தேடுவோரின் பொறுப்புகள்

ஏமாற்றுவோர் எப்போதும் முதலாளிகளே என்று எண்ணுவது சரியன்று. படிக்காத பாடநெறியைப் படித்ததாக எழுதுவதும், ஆறு மாத அனுபவத்தை மூன்று வருடமாக்குவதும் நடைபெறுகின்றன. ஒரு பொய்ச் சான்றிதழ் பிடிபடும்போது, அடுத்த தடவை அந்த ஊரிலிருந்து வரும் உண்மையான விண்ணப்பமும் சந்தேகத்துடனேயே பார்க்கப்படுகிறது. அதன் விலையைப் பின்னால் வரும் தம்பி தங்கைகள் கொடுக்க வேண்டியிருக்கும்.

1. சுயவிபரக் கோவையில் உண்மையை மட்டும் எழுத வேண்டும். குறைந்த பெறுபேறு வெட்கப்பட வேண்டியதல்ல. வயலிலும் கடையிலும் தையலிலும் பெற்ற அனுபவமும் அனுபவமே. அதை எழுதத் தயங்கக்கூடாது. கைத்தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதோர், முன்அனுபவத்தைப் பரிசோதித்து வழங்கப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மேசன், தச்சர், மின்னிணைப்பாளர் எனப் பலருக்கு இது பொய்யில்லாமல் முன்னேறும் வழியாகும்.

2. பொருத்தமான வேலைக்கே விண்ணப்பிக்க வேண்டும். கண்ணில்பட்ட ஐம்பது விளம்பரங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதால் பயன் இல்லை. விளம்பரத்தை முழுமையாக வாசித்து, ஐந்து இடங்களுக்குக் கவனமாக எழுதுவது மேல்.

3. தொடர்பு இலக்கம் தமது இலக்கமாக இருக்க வேண்டும். தொடர்பாடல் நிலையக்காரரின் மின்னஞ்சலையோ அயல்வீட்டு அண்ணாவின் இலக்கத்தையோ கொடுத்துவிட்டு, அழைப்பு வந்தது தெரியாமல் வாய்ப்பை இழந்தவர்கள் பலர். சமிக்ஞை கிடைக்காத இடத்தில் வசிப்போர், எந்த நேரத்தில் அழைத்தால் பேசலாம் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதலாம். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, தரவிறக்கிய சான்றிதழ்களையும் அழித்துவிட வேண்டும்.

4. உறவினரையோ ஆசிரியரையோ சிபாரிசுக்காரராக எழுதுமுன் அவரிடம் அனுமதி பெற வேண்டும்.

5. சொன்ன சொல்லைக் காக்க வேண்டும். நேர்முகப் பரீட்சைக்குப் போக முடியாவிட்டால் முதல் நாளே அறிவிக்க வேண்டும். வேலையை ஏற்றுக்கொண்ட பின்னர் வேறிடம் கிடைத்தால் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டே விலக வேண்டும். சொல்லாமல் நின்றுவிடுவது, சம்பளம் தராத முதலாளியின் செயலுக்கு ஒப்பானதே.

6. விண்ணப்பிக்குமுன் விசாரிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் வேறொரு வழியால், அதாவது விளம்பரத்தில் இல்லாத ஒரு தொலைபேசி இலக்கத்தாலோ அந்த ஊரில் இருக்கும் தெரிந்தவராலோ சரிபார்க்க வேண்டும். பெயர்பெற்ற கம்பனி ஒன்றின் பெயரையும் சின்னத்தையும் களவாகப் பாவித்து விளம்பரம் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது.

இப்பட்டியலில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். ஊரிலே மற்றவர்களுக்காக இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இளைஞர், தெரிந்தோ தெரியாமலோ பழைய இடையாளின் இடத்தில் அமர்ந்திருக்கிறார். அவர் நிரப்பியதை உரியவருக்கு வாசித்துக் காட்டிய பின்னரே அனுப்ப வேண்டும். பிறருடைய கடவுச்சொல்லைத் தம்மிடம் வைத்திருக்கக்கூடாது.

காசு கேட்டால்

வேலை செய்பவருக்கு வேலை கொடுப்பவரே காசு கொடுக்க வேண்டும். இந்த எளிய விதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான மோசடிகளிலிருந்து தப்பலாம். தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் பற்றிய 1997 ஆம் ஆண்டின் 181 ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கையும் தொழிலாளரிடம் கட்டணம் அறவிடக்கூடாது என்பதையே பொது விதியாக வைத்துள்ளது. பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மீளத் தரப்படும் வைப்பு என எந்தப் பெயரில் கேட்டாலும், உள்நாட்டு வேலையொன்றுக்கு முற்பணம் கேட்பவரை நம்பலாகாது. பின்வரும் மூன்று வகைகளையும் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, விருப்பக்குறி போடும் வேலை. காணொளிகளுக்கு விருப்பக்குறி இடுமாறு சொல்லி, முதலில் சில நூறு ரூபாவை உண்மையாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும், பெரிய பணி கிடைக்க 10,000 ரூபா வைப்பிடச் சொல்வார்கள். பின் அதை மீட்க 50,000 கேட்பார்கள். முதலில் தந்த சில நூறு ரூபா தூண்டிலில் குத்திய இரை.

இரண்டாவது, வங்கிக் கணக்கை இரவல் கேட்கும் வேலை. உமது கணக்குக்கு வரும் பணத்தை எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால் தரகு தருவோம் என்பார்கள். அது பெரும்பாலும் வேறொரு ஏழையிடம் களவாடிய பணமாக இருக்கும். பொலிஸ் விசாரணை வரும்போது வங்கிப் பதிவில் இருப்பது இரவல் கொடுத்தவரின் பெயரே. அடையாள அட்டைப் படத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பினாலும் இத்தகைய ஆபத்து உண்டு.

மூன்றாவது, அரசாங்க வேலை பெற்றுத் தருவதாகக் கூறுவது. அரசாங்க வெற்றிடங்கள் வர்த்தமானியிலும் உரிய திணைக்களங்களின் அறிவித்தல்களிலும் வெளிவருகின்றன. வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். அதில் இல்லாத ஒன்றை ஒருவர் வட்ஸ்அப்பில் விற்றால் அது பொய். உண்மையாகவே பெற்றுத்தரக் கூடியவராக அவர் இருந்தால் அது இலஞ்சம். இலஞ்சம் வாங்குவது மட்டுமன்றிக் கொடுப்பதும் குற்றமே. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கடல் கடந்த வேலை

உள்நாட்டு மோசடியில் பணமே பெரும்பாலும் போகும். வெளிநாட்டு மோசடியில் ஆளே போய்விடக்கூடும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எமது இளைஞர் பலர் எப்படியாவது வெளியேற விரும்பினர். தாய்லாந்தில் கணினித் தரவுப் பதிவு வேலை என்று சமூக வலைத்தளங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சுற்றுலா விசாவில் சென்றோர், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவதிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டனர். பிறரை இணையத்தில் ஏமாற்றுவதே அங்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, மறுத்தோர் தாக்கப்பட்டனர். இலங்கையரும் அவ்வாறு சிக்கி, பின்னர் குழுக்களாக மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. இவர்களிற் பலர் படித்தவர்கள். மொழியும் கணினியும் தெரிந்தவர்களாக இருந்ததாலேயே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எனவே படிப்பு மட்டும் ஒருவரைப் பாதுகாக்காது.

இலங்கையில் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்க்க முடியாது. ஆகவே விளம்பரத்தைக் கண்டதும் செய்ய வேண்டியவை வருமாறு:

அ. முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, அது இன்றும் செல்லுபடியாகுமா என்று பணியகத்தின் இணையத்தளத்திலோ 1989 என்ற தொலைபேசி இலக்கத்திலோ விசாரித்தல். குறித்த நாட்டுக்கு, குறித்த வேலைக்கு ஆட்சேர்க்க அந்நிலையத்துக்கு அங்கீகாரம் உண்டா என்பதையும் கேட்டல்.

ஆ. ஊருக்கு வரும் உப முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல் நிலையத்துக்கு நேரில் போதல். காசு கொடுக்க வேண்டியிருப்பின் அது பணியகம் அனுமதித்த தொகைதானா என்று கேட்டறிந்து, பற்றுச்சீட்டுப் பெற்றே கொடுத்தல்.

இ. சுற்றுலா விசாவில் போய்ப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை மறுத்தல். புறப்படுமுன் பணியகத்தில் பதிவு செய்தல்.

ஈ. ஒப்பந்தத்தைத் தெரிந்த மொழியில் விளங்கிக்கொண்டு, கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வைத்துச் செல்லல்.

பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் இவை பற்றிக் கேட்கலாம். நகை அடகுக்குப் போகுமுன், காணி உறுதி கைமாறுமுன் கேட்க வேண்டும். அதன் பின்னர், பொய் என்று தெரிந்தாலும் கடனுக்குப் பயந்தே புறப்படுவோர் உள்ளனர்.

தளத்தை நடத்துவோர்

வேலைவாய்ப்புத் தளங்கள் பெரும்பாலும் விளம்பரம் செய்வோரிடமே கட்டணம் பெறுகின்றன. ஆகவே விளம்பரதாரர் யார் என்று உறுதிப்படுத்துவதும், முறைப்பாடு வந்த விளம்பரத்தை விரைவில் அகற்றுவதும் அவர்களது கடமை. முகநூல் பக்கமும் வட்ஸ்அப் குழுவும் நடத்துவோருக்கும் இது பொருந்தும். எமது ஆலய இளைஞர் குழுவில் ஒருவர் விசாரிக்காமல் ஒரு விளம்பரத்தைப் பகிரும்போது, வாசிப்போர் அதை ஆலயமே சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். முன்னே நாம் கூறிய பிணை அங்கே மீண்டும் வந்துவிடுகிறது. விசாரிக்க முடியாத விளம்பரத்தை முன்னனுப்பாமல் விடுவதே நன்று.

கிராமத்தில் நாம் செய்யக்கூடியவை

தனியொருவர் இரவில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு எடுக்கும் முடிவைவிட, நாலு பேர் கூடி எடுக்கும் முடிவு பாதுகாப்பானது. மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், இளைஞர் கழகம் ஆகியன பின்வருவனவற்றை அதிக செலவின்றிச் செய்யலாம்.

முதலாவதாக, மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை வேலை விளம்பரங்களை ஒன்றாக வாசிக்கும் நேரமாக ஒதுக்கலாம். ஆங்கிலத்தில் உள்ளதைத் தெரிந்தவர் தமிழில் சொல்ல, யார், எங்கே, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை உண்டா என்று மற்றவர்கள் பார்க்கலாம்.

இரண்டாவதாக, வெளியூர்களில் வேலை செய்யும் எமது ஊரவரின் பட்டியலொன்றை, அவர்களின் சம்மதத்துடன், சங்கத்தில் வைத்திருக்கலாம். கொழும்பிலோ மன்னாரிலோ ஒரு நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவர்கள் உதவுவர்.

மூன்றாவதாக, ஏமாந்து வந்தவரைப் பரிகசிக்காதிருக்க வேண்டும். இது மற்றைய இரண்டிலும் முக்கியமானது. ஏமாந்தவர் வெட்கத்தால் வாய் மூடினால் அதே ஏமாற்றுக்காரர் அடுத்த வீதிக்கும் வருவார். அவருடன் பொலிஸ் நிலையத்துக்கோ தொழில் அலுவலகத்துக்கோ கூடப் போவதும், விளம்பரத்தின் படம், அனுப்பிய செய்திகள், பணம் செலுத்திய சீட்டு ஆகியவற்றை அழியாமல் பாதுகாத்துக் கொடுப்பதும் சங்கத்தின் பணியாக இருக்கட்டும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது ஊரிலிருந்து கடந்த ஒரு வருடத்தில் இணையத்தின் மூலம் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர்? விளம்பரத்தில் சொன்னதும் கிடைத்ததும் ஒன்றாக இருந்தனவா?

2. எமது ஆலயமும் சங்கமும் நடத்தும் நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு நியமனக் கடிதம் உண்டா? சேமலாப நிதி செலுத்தப்படுகிறதா? தொண்டு என்ற பெயரில் நாம் குறைத்துக் கொடுப்பது எதுவும் உண்டா?

3. மத்தேயு 20:1-16 ஐ வாசியுங்கள். மாலை வரை ஒருவரும் அழைக்காமல் நின்றவர்கள் இன்று எமது ஊரில் யார்? எமது விளம்பரங்கள் அவர்களைச் சென்றடைகின்றனவா?

4. உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த வேலை விளம்பரம் ஒன்றை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதிலுள்ள குறைகளைக் குழுவாகக் கண்டு, நேர்மையான விளம்பரமாகத் திருப்பி எழுதிப் பாருங்கள்.